எரிகிற ஊசி, எரியாத ஊசி

தங்கராணியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அவளுடைய கத்தரிக்காய்ப் பாற்கறியைப் பற்றித்தான் தொடங்குவார்கள். நான் அவளுடைய கழுத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அந்தக் கழுத்தால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் பெயர் கிருபாமலர். எண்பதுகளில் எங்கள் சனம் டென்மார்க்கின் விபோர்க் நகரில் வந்து இறங்கிய காலத்தில், ஆஸ்பத்திரி, பொலிஸ், நகரசபை என்று கூப்பிட்ட இடமெல்லாம் மொழிபெயர்க்கப் போனவள். எனக்கு வாய் நீளம், பொறுமை கட்டை. ஆனால் தொழிலில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். அறைக்குள் தமிழில் சொன்னது எல்லாம் டேனிஷில் போகும், டேனிஷில் சொன்னது எல்லாம் தமிழில் வரும். "அக்கா, இதை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்று யாராவது என் காதுக்குள் குசுகுசுத்தால், அந்தக் குசுகுசுப்பையும் சேர்த்தே சொல்லிவிடுவேன். இதனால் எனக்குப் பகை கொஞ்சம் உண்டு. அதற்கெல்லாம் நான் கவலைப்பட்டதில்லை.

தங்கராணி எண்பத்தாறில் தமையனோடு வந்தவள். கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆக முன்னமே அவளுடைய கணவர் இராசநாயகத்தை ஆமி பிடித்துப் பூசா தடுப்பு முகாமில் போட்டுவிட்டது. அவர் வெளியே வருவாரா என்று யாருக்கும் தெரியாது. தமையன் "நீயாவது தப்பி வா" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்துவிட்டார். வந்து கொஞ்ச நாளில் தமையனுக்கு எஸ்பியர்க்கில் மீன் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். தங்கராணி விபோர்க்கிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு இங்கே ஒரு லோண்டரியில் வேலை கிடைத்திருந்தது.

லோண்டரி என்றால் வீட்டுத் துணி தோய்க்கிற கடை இல்லை. ஆஸ்பத்திரிகள், முதியோர் இல்லங்கள், ஹோட்டல்கள் எல்லாவற்றினதும் படுக்கை விரிப்புகள் லொறியில் வந்து கொட்டப்படும். தோய்த்த ஈர விரிப்பின் இரண்டு மூலைகளை இரண்டு பேர் பிடித்து, தோளுக்கு மேலே தூக்கி, துணியை அழுத்தி உலர்த்துகிற ஒரு பெரிய சூட்டு உருளையின் வாய்க்குள் கொடுக்க வேண்டும். ஒரு மூலையில் தங்கராணி நிற்பாள். மற்ற மூலையில் மேரிகிறேஸ் நிற்பாள். மேரிகிறேஸ் மட்டக்களப்புக் கத்தோலிக்கப் பிள்ளை, கலியாணம் ஆகாதவள், வாய் ஓயாதவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள், ஒரே சட்டியில் சமைத்தார்கள், ஒரே சைக்கிளை முறை வைத்து ஓடினார்கள். கடைசியில் கழுத்து நோவும் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே வந்தது. விரிப்பைப் பிடித்த பக்கத்தைப் பொறுத்து ஒருத்திக்கு வலது பக்கம், மற்றவளுக்கு இடது பக்கம்.

எண்பத்தேழில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் எழுதி, பூசாவில் கிடந்தவர்களைத் திறந்துவிட்டபோது இராசநாயகமும் வெளியே வந்தார். வந்து கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினார். செய்தி கேட்ட அன்று தங்கராணி லோண்டரி என்றும் பாராமல் குந்தியிருந்து அழுதாள். அந்த இலையுதிர் காலத்திலேயே அவரை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டாள். நான்தான் கூடப் போனேன். அகதியாக ஏற்கப்பட்டவளுக்குக் கணவனைக் கூப்பிடச் சட்டப்படி உரிமை இருக்கிறது, கொஞ்ச மாதத்தில் முடிந்துவிடும் என்று விண்ணப்பத்தை வாங்கிய பொலிஸ்காரர் சிரித்த முகத்தோடு சொன்னார். நானும் சிரித்த முகத்தோடு மொழிபெயர்த்தேன்.

கொஞ்ச மாதம் போயிற்று. குளிர்காலமும் போயிற்று. அடுத்த கோடையும் வந்தது. பதிலே இல்லை.

தங்கராணிக்கு மட்டுமா? ஊரிலிருந்து மனைவியை, கணவனை, பிள்ளைகளைக் கூப்பிட எழுதிப்போட்ட ஒருவருக்கும் பதில் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாவிட்டால் எங்கள் சனம் தாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடும். விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தில் தனக்குத் தாடி இருந்ததுதான் பிழை என்று ஒருவர் தாடியை வழித்தார். மொழிப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை தவறியதால்தான் என்று இன்னொருவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு குடும்பம், தாங்கள் கருவாடு பொரித்ததற்குப் பக்கத்து வீட்டுக்காரி முறைப்பாடு கொடுத்திருக்கிறாள், அதுதான் கேஸ் நிற்கிறது என்று நம்பிக் கருவாட்டையே விட்டுவிட்டது. பிழை தங்களில்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். 

தங்கராணி கண்டுபிடித்த காரணம் அவளுடைய கழுத்து. லோண்டரி வாசலில் யாரோ ஒரு அறிவாளி அவளிடம், "வருத்தக்காரருக்கு இன்னொராளைக் கூப்பிட விடமாட்டாங்கள். உன்னையே பாக்கேலாத நீ அவரை எப்பிடிப் பாப்பாய் எண்டு கேப்பாங்கள்" என்று சொல்லியிருக்கிறான். அந்தக் கதை அவளுக்குள் முள்ளாக இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே யோசனை. கழுத்து மாற வேண்டும். மாறாவிட்டாலும், மாறிவிட்டது என்று கடதாசியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இராசநாயகம் வரமாட்டார்.

குடும்ப டொக்டரிடம் போனாள். எங்கள் சனத்துக்கு டேனிஷ் டொக்டர்மாரில் உள்ள பெரிய குறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊசி போடமாட்டார்கள். காய்ச்சலோ, தடிமனோ, நெஞ்சு நோவோ, "பனோடில் குளிசை எடு, தண்ணீர் குடி, கொஞ்சம் நட" என்று அனுப்பிவிடுவார்கள். ஊசி போடாத டொக்டரும் ஒரு டொக்டரா என்று எங்கள் ஆட்கள் வாசலில் நின்றே ஏசுவார்கள். தங்கராணி பனோடில் எடுத்தாள், தண்ணீர் குடித்தாள், நடந்தாள். கழுத்து அப்படியே இருந்தது. மூன்றாம் தரம் போனபோது டொக்டர் மனமிரங்கித் தோள்மூட்டுக்குக் கிட்ட ஒரு கோட்டிசோன் ஊசி போட்டார். நல்ல சுகம். தலை திருப்பினாள், பின்னல் பின்னினாள், பாட்டுக்கூடப் பாடினாளாம். ஆனால் சுகம் கன நாள் நிற்கவில்லை. இன்னொன்று போடச் சொல்லிக் கேட்டதற்கு, "இதை அடிக்கடி போடக்கூடாது, தசை பழுதாகிவிடும்" என்று சொல்லி ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மேரிகிறேஸும் கேட்டு அப்படியொரு கடிதம் வாங்கிக்கொண்டாள்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை விடுங்கள். பஸ்ஸில் போகிற தூரம். அங்கே ஹோல்ம் என்று ஒரு டொக்டர். மெலிந்து நெடுத்த மனிதர், மெதுவாகக் கதைப்பார். நாட்பட்ட கழுத்து நோவுக்கு இரண்டு விதமான ஊசியை ஒப்பிட்டு அவர் ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு ஊசி, மற்றப் பாதிக்கு மற்ற ஊசி. எது யாருக்கு என்று நோயாளிக்கும் தெரியாது, போடுகிறவருக்கும் தெரியாது. மருந்தகத்துக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் நோவு எவ்வளவு என்று கேட்பார்கள். பூச்சியம் என்றால் நோவே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாது. முதல் நாள் நான் போய் இதையெல்லாம் தமிழில் விளங்கப்படுத்தினேன். தங்கராணியும் மேரிகிறேஸும் தலையாட்டினார்கள். பிறகு என்னைக் கூப்பிடவில்லை. ஊசி போடத் தமிழ் எதற்கு?

நடந்ததை அவர்கள் பிறகு என்னிடம் சொன்னபடி சொல்கிறேன்.

முதல் ஊசி போட்டு வெளியே வந்தபோது தங்கராணியின் கண்ணால் தண்ணீர் ஓடியது. கழுத்தில் குளவி கொட்டின மாதிரி எரிச்சலாம். மேரிகிறேஸ் சும்மா சிரித்துக்கொண்டு வந்தாள்.

"உனக்கு எரியேல்லையோடி?" என்று தங்கராணி கேட்டாள்.

"இல்லையே அக்கா. நுளம்பு கடிச்ச மாதிரித்தான்."

பஸ்ஸில் பாதித் தூரம் வருவதற்குள் மேரிகிறேஸின் சிரிப்பு போய்விட்டது. "அப்ப எனக்குப் போட்டது மருந்தே இல்லை! எரியிறதுதானே மருந்து. காயத்துக்குப் போடுறது எரியேல்லையோ? தைலம் எரியேல்லையோ? உங்களுக்கு நல்ல சாமான், எனக்கு என்னவோ சும்மா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பஸ்காரர் கண்ணாடியில் பார்த்தாராம்.

அடுத்தடுத்த முறைகளிலும் அதேதான். இவளுக்கு எரிந்தது, அவளுக்கு எரியவில்லை. மேரிகிறேஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். தங்கராணியால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு முட்டை இருந்தாலும் இரண்டாக வெட்டுகிறவள் அவள். நல்ல மருந்து தனக்கு மட்டும் கிடைப்பது பெரிய பாவமாகப் பட்டது. கடைசியில், "சரி, வாற முறை நீ நானாப் போ, நான் நீயாப் போறன்" என்று சொல்லிவிட்டாள்.

அறிவு கெட்ட வேலைதான். ஆனால் முதல் தரம் வென்றுவிட்டது. அன்றைக்குப் புதிய தாதி ஒருத்தி நின்றாள். வைத்தியத்துக்குக் காட்டுகிற தங்கள் மஞ்சள் அட்டையை இவர்கள் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு தமிழ்ப் பெண்கள், ஒரே உயரம், ஒரே சடை, ஒரே மாதிரிக் கோட். அவள் அட்டையைப் பார்த்தாள், பெயரைக் கூப்பிட்டாள், முடிந்தது. மேரிகிறேஸ் முதல் தரமாக எரிகிற ஊசியைப் போட்டுக்கொண்டு, "ஐயோ, என்ரை மாதாவே!" என்று கத்தினாள். நோவு எவ்வளவு என்று கேட்டபோது, கண்ணீரைத் துடைத்துக்கொண்டே "ரெண்டு" என்றாள். தங்கராணி சொல்லிக் கொடுத்திருந்தது அப்படி. "என்ரை பேரிலை போனால் ரெண்டு எண்டு மட்டும் சொல்லு. கூடச் சொல்லிப்போடாதை, இவரின்ரை கேஸுக்குக் கூடாது."

இரண்டாம் தரம் பிடிபட்டார்கள்.

பிடித்தவள் பிர்கிட்டே என்ற பழைய தாதி. மேரிகிறேஸ் போகும்போதே தங்கராணியிடம், "அக்கா, தாலிக்கொடியைக் கழட்டிக் கைப்பைக்குள்ளை வையுங்கோ. எனக்குக் கழுத்திலை சின்னச் சிலுவை மட்டும்தானே" என்று சொல்லியிருக்கிறாள். தங்கராணி பத்திரகாளியாகிவிட்டாள். "மனுசன் அங்கை உயிரோடை இருக்கேக்கை நான் தாலியைக் கழட்டுறதோ? உனக்கு வாய் எப்பிடி வந்தது?" என்று ஏசிவிட்டு, சட்டையைக் குரல்வளை வரைக்கும் பூட்டிக்கொண்டு போனாள். கழுத்தில் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவள் கழுத்தை மூடிக்கொண்டு போகலாமா? பிர்கிட்டே இரண்டு பொத்தானைக் கழற்றினாள். பழகின கையால் அந்தப் பாரமான கொடியை ஒரு பக்கம் ஒதுக்கினாள். ஒதுக்கின கை அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் அந்தக் கொடியை ஒதுக்கி ஒதுக்கி அவளுக்கு அது மனப்பாடம். கையில் இருந்த அட்டையிலோ மேரிகிறேஸ் என்று இருந்தது.

பிர்கிட்டே சத்தம் போடவில்லை. கதிரையில் இருத்தி, தேநீர் கொடுத்துவிட்டு, எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அறைக்குள் டொக்டர் ஹோல்ம், பிர்கிட்டே, இவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். மேரிகிறேஸ் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் உட்கார முன்னமே தங்கராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மலரக்கா, நான்தான் மேரிகிறேஸ் எண்டு சொல்லுங்கோ. உங்களைக் கும்பிட்டன்."

"உனக்கென்ன விசரே?" என்றேன்.

"என்ன சொல்கிறார்?" என்று டொக்டர் கேட்டார்.

என் கட்டுப்பாடு என் கட்டுப்பாடுதான். "தான்தான் மேரிகிறேஸ் என்று உங்களுக்குச் சொல்லும்படி என்னிடம் கேட்கிறார். உனக்குப் பைத்தியமா என்று நான் கேட்டேன்" என்று டேனிஷில் சொன்னேன். பிர்கிட்டே யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது.

தங்கராணி அழத் தொடங்கினாள். "பொலிசுக்குச் சொல்லப்போறீங்களோ? இன்னொராளின்ரை அட்டையிலை வந்தது களவுதானே? சொன்னால் இவரை விடமாட்டாங்கள். என்ரை புத்திகெட்ட வேலையாலை அந்த மனுசன் லொட்ஜிலையே கிடந்து சாகப்போகுது!"

டொக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கழுத்து நோவுக்கும் பொலிசுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். நான் விளங்கப்படுத்தினேன். பூசா, லொட்ஜ், விண்ணப்பம், பதில் இல்லாத நாட்கள், லோண்டரி வாசல் அறிவாளி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த அறையில் நடப்பது இந்த அறையை விட்டு வெளியே போகாது. நாங்கள் யாருக்கும் சொல்ல முடியாது. அது எங்களுக்குச் சட்டம்" என்றார்.

தங்கராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆஸ்பத்திரியும் அரசாங்கம், பொலிசும் அரசாங்கம். பிறகென்ன அக்கா?" என்றாள். அதற்கு மேல் எதைச் சொல்லியும் அவளை நம்பவைக்க முடியவில்லை.

டொக்டர் பேச்சை மாற்றினார். "உங்கள் இரண்டு பேரையும் இனி ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது. அது எனக்குக் கவலைதான். ஆனால் ஒன்று. இங்கே வருகிற இத்தனை பேரிலும் ஒரே கழுத்தில் இரண்டு ஊசியையும் போட்டுப் பார்த்தவர்கள் நீங்கள் மட்டும்தான். எது நல்லது?"

"எரியிறது!" என்றாள் மேரிகிறேஸ் உடனே. "போட்டு மூண்டு நாள் நானே தலையிழுத்துப் பின்னினன் டொக்டர். கை தூக்கினன். எரிஞ்சுபோட்டு அடங்கேக்கை நோவையும் கூட்டிக்கொண்டு போகுது."

"பேய்க்கதை" என்றாள் தங்கராணி, அழுகையை நிறுத்திவிட்டு. "எரியாததுதான் சுகம். எரியிறதுக்கு அரை நாள் அழவேணும். இது போட்டு அப்பிடியே நித்திரை கொண்டன்."

"உங்களுக்கு என்ரை சாமானிலை எப்பவும் கண்!"

"ஆரடி உன்ரை ஊசிக்கு அழுதது? நீதானே சாப்பிடாமல் கிடந்தனீ!"

ஆளுக்கு ஆள் இரவல் வாங்கிய ஊசியே நல்லதாகப் பட்டிருக்கிறது. நான் இரண்டு பக்கச் சண்டையையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துக் களைத்துப்போனேன். டொக்டர் எழுந்து மருந்தகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். இவர்கள் ஆராய்ச்சியை விட்டு நீங்கிவிட்டார்கள், எது எது என்று சொல்லலாம் என்றார். கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எரிகிற ஊசியில் இருந்தது தண்ணீர்" என்றார்.

நான் பிழையாகக் கேட்டேனோ என்று இன்னொரு தரம் கேட்டேன். தண்ணீர்தான். கிருமி இல்லாத சுத்தத் தண்ணீர். தோலுக்குக் கீழே போட்டால் அது கடுமையாக எரியும். அந்த எரிவு பழைய நோவைக் கொஞ்சக் காலத்துக்கு அமர்த்துகிறதோ என்று பார்க்கத்தான் ஆராய்ச்சியாம்.

"அப்ப எரியாதது?" என்று மேரிகிறேஸ் கேட்டாள்.

"அதுவும் தண்ணீர்தான். கொஞ்சம் உப்புப் போட்டது."

நான் தமிழில் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மேரிகிறேஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கோதாரி! தண்ணி குடி, தண்ணி குடி எண்டாங்கள். குடிக்கேல்லை எண்டு இப்ப குத்திப் போட்டாங்கள்!"

இதையும் நான் மொழிபெயர்த்தேன். பிர்கிட்டே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். டொக்டரும் சிரித்தார். தங்கராணிகூட அழுத முகத்தோடு சிரித்துவிட்டாள். தண்ணீருக்கும் உப்புத்தண்ணீருக்குமாக ஆள்மாறாட்டம் செய்து, அட்டை மாற்றி, பொலிஸ் வரும் என்று நடுங்கின கதை இந்த நாட்டிலேயே இவர்களுடையது மட்டும்தான் இருக்கும்.

புறப்படும்போது டொக்டர் தங்கராணியிடம், இப்போது நோவு எவ்வளவு என்று கேட்டார்.

"ரெண்டு" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தபடி நின்றார். யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் அவள் தலையைத் திருப்பமாட்டாள், உடம்பை முழுதாகத் திருப்புவாள். அதை நானே கண்டேன் என்றால் டொக்டர் காணாமலா இருப்பார்? "கொஞ்சக் காலம் வேலைக்குப் போகாமல் ஓய்வெடுக்க எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார். தங்கராணி பதறிப்போனாள். "வேண்டாம், வேண்டாம். எனக்கு ஒண்டுமில்லை. நல்ல சுகம்." டொக்டர் பேனையை மூடி வைத்தார். எப்போது வேண்டுமானாலும் நேரே தன்னிடம் வரலாம் என்று மட்டும் சொன்னார்.

மேரிகிறேஸ் உண்மையைச் சொல்லி ஓய்வு வாங்கி, உடற்பயிற்சி பழகி, சுகமாகிக்கொண்டு வந்தாள். தங்கராணி மற்ற மூலைக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டு விரிப்பைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். நான் ஏசிப் பார்த்தேன். "அவர் வரட்டும் அக்கா" என்பாள். அவ்வளவுதான் பதில்.

எண்பத்தொன்பதில் விஷயம் வெளியே வந்தது. முதலில் பேப்பரில் சின்னதாக, பிறகு பெரிதாக, பிறகு தொலைக்காட்சியில். தமிழர்களுடைய விண்ணப்பங்களை மேலிடத்துச் சொல்லின்படி வேண்டுமென்றே ஒதுக்கிப் போட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்யச் சட்டத்தில் இடமே இல்லை. அதிகாரிகளின் பிழையை விசாரிக்கிற ஆள் ஒருவர் இந்த நாட்டில் உண்டு. அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். சில வருடம் கழித்து இந்த விஷயத்துக்காக ஒரு அரசாங்கமே பதவியை விட்டுப் போனது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு மறக்காதது, பேப்பரோடு நான் தங்கராணியின் குசினிக்குள் போன அந்தப் பின்னேரம்.

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றாள்.

"என்ரை ஃபைலுமோ அக்கா?"

"உன்ரையும்தான். எல்லாரின்ரையும்தான்."

"அப்ப என்ரை கழுத்து?"

"உன்ரை கழுத்தை ஆரடி பாத்தது? உன்ரை பேரைக்கூட ஒருத்தரும் பாக்கேல்லை. கட்டி வைச்சதை அவிழ்க்கவே இல்லையாம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அக்கா! உங்களிலை பிழை இல்லை எண்டு ஒரு சொல். நான் நித்திரை கொள்ளாமல் என்ரை கழுத்தோடை சண்டை பிடிச்சுக்கொண்டு கிடந்தன்" என்று கத்தினாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் வெங்காயத்தின் மேலே பழியைப் போட்டுவிட்டு அழுது தீர்த்தோம். அவளை அப்படிக் கத்தவிட்டது நல்லதுதான். அதற்குப் பிறகு அவள் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

ஒதுக்கி வைத்தவற்றை மறுபடி எடுக்கத் தொடங்கினார்கள். தங்கராணியுடையதும் அசைந்தது. அந்த வருட இலையுதிர் காலத்தில் இராசநாயகம் கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். எஸ்பியர்க்கிலிருந்து தமையன் கார் கொண்டுவந்தார். நானும் மேரிகிறேஸும் பின் சீட்டில் நெருக்கிக்கொண்டு போனோம். கண்ணாடிக் கதவு திறந்து அவர் வெளியே வந்தபோது தங்கராணிக்கு ஓட வரவில்லை, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அவர்தான் பெட்டியை நடுவழியில் விட்டுவிட்டு வந்தார். மெலிந்து, முன்மயிர் நரைத்து, கோட்டும் இல்லாமல் வந்திருந்தார். மேரிகிறேஸ் தன்னுடைய சால்வையைக் கழற்றி அவர் தோளில் போட்டாள்.

கொஞ்ச நாள் போகத் தங்கராணி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மலரக்கா, ஹோல்ம் டொக்டரிட்டைப் போகவேணும். நீங்களும் வாங்கோ" என்றாள். இராசநாயகமும் வந்தார். புது நாட்டில் மனைவியோடு முதல் தரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கலியாண வீட்டுக்குப் போவது போலச் சேட் மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார்.

அதே அறைதான். பிர்கிட்டே எழுந்து வந்து இராசநாயகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். குலுக்கினவள் விடவே இல்லை. "இவர்தானா? இவர்தானா?" என்று என்னைக் கேட்டாள். டொக்டர் ஹோல்ம் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் நோவு எவ்வளவு?

தங்கராணி கணவனைப் பார்த்தாள். பிறகு டொக்டரைப் பார்த்தாள்.

"எட்டு" என்றாள்.

பிர்கிட்டேயின் முகம் மாறிவிட்டது. "கடைசியாக வந்தபோது இரண்டு என்றாரே! இவ்வளவு மோசமாகிவிட்டதா?" என்று கேட்டாள்.

"மோசமாகேல்லை" என்றாள் தங்கராணி. "அப்பவும் எட்டுத்தான். தொடக்கத்திலை இருந்தே எட்டுத்தான். இரவிலை ஒம்பது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எத்தனை நாள்! எத்தனை விரிப்பு! எட்டை வைத்துக்கொண்டு இரண்டு என்று சொல்லிக்கொண்டு, அந்த உருளைக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். தமிழில் ஏச வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். பாரத்தை இறக்கி வைத்தவளின் முகம் அது.

டொக்டர் தாளில் எட்டு என்று எழுதினார். பிறகு, "நல்லது. இதுதான் நீங்கள் எனக்குத் தந்த முதல் உண்மையான இலக்கம். எட்டு என்றால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. முதலில் அந்த உருளையை விட்டு உங்களை வெளியே எடுப்போம். ஊசி எது, பயிற்சி எது என்று பிறகு பார்ப்போம். இன்றைக்குத் தொடங்குவோம்" என்றார்.

நான் தமிழில் சொன்னேன். தங்கராணி, "ஓம்" என்றாள்.

இராசநாயகம் இவ்வளவு நேரமும் கதைக்கிறவர்களின் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். டேனிஷும் விளங்காமல், இலக்கமும் விளங்காமல் இருந்தவர், இப்போது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு காலமும் ஆருக்காக ரெண்டெண்டு சொன்னனீ?"

"உங்களுக்காகத்தான்" என்றாள்.